ஓட்டு இல்லாத நோயாளிகள்

தமிழ்நாட்டில் மருந்துக்குப் பஞ்சம் வரலாம். மருந்தகப் பெயர்ப் பலகைக்கு வராது. 2014இல் அம்மா மருந்தகம் வந்தது. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். டெல்லி சும்மா இருக்குமா? 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகத்தின் பெயருக்கு முன்னால் பிரதமரை ஒட்டவைத்துக்கொண்டது. காய்ச்சல் மாத்திரை வாங்கப் போகிறவன், தனக்கு வந்திருப்பது எந்தக் கட்சியின் காய்ச்சல் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குறை சொல்வதற்கில்லை. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை மலிவாகத்தான் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வேறு வாசலுக்கே வருகிறது. அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல காரியம். கைதட்டிவிட்டு, எந்தப் படம் மாட்டிய மருந்தகத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். பிறந்து மூன்று மாதமான குழந்தைக்கு ஒரு மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் வேண்டும் என்று கேளுங்கள். கவுண்டர் பையன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான்.

"அவ்வளவு சின்ன டோஸ்லாம் வராதுக்கா. பத்து எம்ஜிதான் இருக்கு. உடைச்சுக் குடுங்க."

உடைச்சுக் குடுங்க. இந்த நாட்டின் குழந்தை மருந்துக் கொள்கை இந்த இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் பின்னிணைப்பு.

அந்தக் குழந்தைக்கு என்ன நோய்? பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் கோளாறு. உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசால் சுரக்காது. தினமும் மூன்று வேளை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும், ஆயுள் முழுக்க. குறைந்தால் வாந்தி, நீர்வற்றல், மயக்கம், கவனிக்காவிட்டால் மரணம். கூடினால் முகம் உப்பும், வளர்ச்சி நின்றுபோகும். இவ்வளவு குறுகலான வரப்பில் நடக்க வேண்டிய மருந்தை, அளந்து தரும் பொறுப்பை அரசாங்கம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறது? ஷேவிங் பிளேடு வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம்.

அவர் செய்கிற வேலையைப் பாருங்கள். மாத்திரையை நான்காக வெட்டுவார். நான்கும் ஒரே அளவாக விழாது. ஒரு மில்லிகிராமுக்கு வெட்டவே முடியாது. ஆகவே முழு மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கி, ஒரு மில்லி எடுக்கச் சொல்வார்கள். இந்த மருந்து தண்ணீரில் ஒழுங்காகக் கரையாது. அடியில் போய்ப் படியும். குலுக்கிய கையோடு உறிஞ்ச வேண்டும். மேலாக எடுத்தால் குழந்தைக்குப் போவது வெறும் தண்ணீர். அடியிலிருந்து எடுத்தால் தேவைக்கு மேல் போகும். அளக்கும் கருவி சில வீடுகளில் சிரிஞ்சு, சில வீடுகளில் பாலாடை, சில வீடுகளில் இங்க் ஃபில்லர். விடியற்காலை, நடுப்பகல், இரவு. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பது டாக்டர் ஓபி சீட்டின் பின்பக்கம் கிறுக்கியதில் இருக்கும். யாருக்குப் புரிகிறது என்பது கடவுளுக்கும் டாக்டருக்கும் மட்டுமேயான விவகாரம்.

குழந்தைக்கு ஏற்ற அளவில் மருந்து செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே இயக்கம் நடத்தியது. இதே ஹைட்ரோகார்ட்டிசோன் அரை மில்லிகிராம் குருணையாக ஐரோப்பாவில் 2018இல் அனுமதி பெற்றது. விஞ்ஞானம் கைவிரித்துவிட்டது என்று இனி யாரும் சொல்ல முடியாது. உலகத்துக்கே மருந்துக்கடை என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிற நாடு இது. உலகத்துக்குக் கடை. சொந்தக் குழந்தைக்கு பிளேடு.

மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். சுத்தமான அறை, சோதனைக்கூடம், பதிவேடு எல்லாம் வேண்டும். இந்த அம்மாவின் அடுப்படியில் ஒன்றும் கிடையாது. பயப்பட வேண்டாம், எந்த ஆய்வாளரும் வந்து கேட்க மாட்டார். ஆலையிலேயே கேட்காதவர் அடுப்படிக்கா வரப்போகிறார்?

2025ஐ அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். சோதித்துப் பார்த்தால் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அதாவது பாதி பாட்டில் தொழிற்சாலை ரசாயனம். பிறகு ஆய்வுக்குப் போனார்கள். 300க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் என்று பட்டியல் போட்டார்கள். அத்தனையும் ஒரே ராத்திரியில் முளைத்தவையா? முந்தின வாரம் போயிருந்தால் எத்தனை இருந்திருக்கும்? அந்தக் கேள்விக்குப் பட்டியலில் இடமில்லை. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். கோப்பு திருப்தியாக மூடிக்கொள்ளும்.

1972இல் இதே சென்னையில் இதே ரசாயனம் 15 குழந்தைகளைக் கொன்றது. அரை நூற்றாண்டு கழித்து நமக்குக் கிடைத்த படிப்பினை என்ன? நல்ல உற்பத்தி நெறிகளைத் திருத்தி எழுதினோம். எழுதிவிட்டு, சிறு நிறுவனங்கள் மனம் வருந்தக் கூடாதே என்று 2025 டிசம்பர் வரை அவகாசமும் கொடுத்தோம். விஷத்துக்கு மட்டும் அவகாசம் தேவைப்படவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வகைச் சளிக் கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் சொல்லியிருந்தது. குழந்தைக்குத் தேவையில்லாத சிரப், ஆரஞ்சு வாசனையோடும் ஸ்ட்ராபெரி வாசனையோடும் தெருவுக்குத் தெரு தொங்குகிறது. இல்லாவிட்டால் செத்துப்போகும் என்கிற மருந்துக்கு ஒரு சிரப் கிடையாது. ஏன்? சளி எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். அட்ரினல் கோளாறு ஆயிரக்கணக்கில் ஒன்றுக்குத்தான் வரும். சந்தை கணக்குப் போட்டுவிட்டது. சந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் பிழைப்பே கணக்குப் போடுவது. சந்தை போட்ட கணக்கையே காப்பியடித்து விடைத்தாளில் எழுதி வைத்திருக்கும் அரசாங்கத்தை என்ன செய்வது?

சரி, மருந்துதான் இல்லை. சொல்லித்தர ஆளாவது உண்டா?

சட்டத்தில் உண்டு. 2015இல் வந்த மருந்தியல் நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்கின்றன. எப்படிச் சாப்பிடுவது, எப்படி வைப்பது, எதனுடன் சேரக்கூடாது என்று எல்லாம் விளக்க வேண்டும். படித்தால் கண்ணீர் வருகிற அளவுக்கு நல்ல ஆவணம். நேரில் பார்த்தால் பல கடைகளில் மருந்தாளுநர் சுவரில் இருக்கிறார். சட்டம் போட்ட சான்றிதழாக. வாடகை மாதா மாதம் போய்விடும். ஆள் வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பார். மருந்து எடுத்துக் கொடுப்பவன் பன்னிரண்டாவது முடித்த பையன். அவனுக்குத் தெரிந்த ஆலோசனை: காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அரசு மருத்துவமனையில் முறையாகப் படித்த மருந்தாளுநரே இருக்கிறார். அவருக்கு முன்னால் நெளிகிற வரிசையைப் பார்த்தால், கம்பி வலைக்குள்ளிருந்து அவர் அதே இரண்டு வரியைச் சொல்வதே பெரிய கருணை.

ஆறு வருடம் படித்து 'ஃபார்ம் டி' பட்டம் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய படிப்பு. வார்டில் நோயாளி பக்கத்தில் நின்று மருந்தைக் கவனிக்கவே பயிற்சி பெற்றவர்கள். அவர்களை உருவாக்கிக் கட்டணம் வாங்கத் தெரிந்த நமக்கு, நாற்காலி போடத் தெரியவில்லை. வேலைக்கு எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள். அமெரிக்க நோயாளிகளின் பக்கவிளைவு அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனிகளில் இரவுப் பணி பார்க்கிறவர்கள் நிறைய. அங்கே ஒருவருக்குத் தலை சுற்றினால் இங்கே பதிவாகிவிடும். இங்கே சுற்றினால் சுற்றியதுதான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? கல்லீரல் மாற்று சிகிச்சை செய்த குழந்தைக்கு டாக்ரோலிமஸ் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மணி பிசகாமல். அந்தக் குழந்தை பம்பளிமாஸ் சாப்பிட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு எகிறும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பழம் சாப்பிட்டால் நல்லது என்று ஊரே சொல்கிறது. பம்பளிமாஸ் வேண்டாம் என்று அந்தக் குழந்தையின் பாட்டிக்குச் சொன்னது யார்? சர்க்கரை நோய் வந்த பிள்ளைக்கு இன்சுலின் போடுகிறார்கள். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 குப்பிக்கு சிவப்பு மூடியைக் கொடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். தூக்கத்திலேயே குழந்தை போய்விடலாம். ஒரு மூடியின் நிறத்தில் ஓர் உயிர். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் இந்தப் பெரிய தேசத்தில் ஆள் இல்லை.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே தனி வகை மருந்துக்கடை இருக்கிறது. ஸ்பெஷாலிட்டி ஃபார்மசி என்பார்கள். சிக்கலான மருந்து குளிர்பெட்டியில் வீட்டுக்கு வரும். மருந்தாளுநர் போன் போட்டு, போன வாரம் எத்தனை வேளை தவறியது என்று கேட்பார். உடனே கைதட்டிவிட வேண்டாம். அந்தக் கடைகளில் பெரியவற்றை, எந்த மருந்துக்குக் காப்பீடு என்று தீர்மானிக்கும் மூன்று பெரிய கம்பெனிகளே கையில் வைத்திருக்கின்றன. சிபாரிசும் அவர்களே, கல்லாவும் அவர்களே. 2017 முதல் 2022 வரை சிறப்பு ஜெனரிக் மருந்துகளில் மட்டும் மதிப்பிட்ட கொள்முதல் விலைக்கு மேல் 730 கோடி டாலர் சம்பாதித்திருக்கிறார்கள் என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் அறிக்கை விட்டது. அங்கே சேவையும் உண்டு, கொள்ளையும் உண்டு. நாம் ஒன்றை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

அந்த ஒன்றின் விலையைப் பார்ப்போம்.

எஸ்எம்ஏ என்கிற முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய். அதன் கொடிய முதல் வகை வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. 'சோல்ஜென்ஸ்மா' என்ற ஒரே ஊசி, இந்தியக் கணக்கில் 16 கோடி ரூபாய். 2021இல் நாமக்கல் குழந்தை ஒன்றுக்காக ஊர் உலகமே உண்டியல் குலுக்கியது. கல்லூரிப் பிள்ளைகள் கொடுத்தார்கள், கூலிக்காரர்கள் கொடுத்தார்கள். ஊசிக்கு மேல் வரி மட்டும் சுமார் 6 கோடி. சாகக் கிடக்கும் குழந்தையின் உண்டியலுக்குள் கைவிட்டுத் துழாவியது யார் என்று பாருங்கள். பத்திரிகைகள் எழுதிய பிறகு தள்ளுபடி வந்தது. தள்ளுபடி செய்தவர்களுக்கு நன்றி அறிவிப்பும் வந்தது. பறிக்காமல் விட்டதற்கு நன்றி!

இந்த ஊசியைத் தயாரித்த நோவார்ட்டிஸ் 2020இல் ஒரு பெரிய மனது காட்டியது. வருடத்துக்கு 100 ஊசி இலவசம், உலகம் முழுவதற்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. யாருக்கு என்று தீர்மானிப்பது? குலுக்கல். ஏழையின் பணத்தைக் கெடுக்கிறது என்று தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இல் தடை செய்தார்கள். உயிருக்கு லாட்டரி நடத்தினால் அதற்குப் பெயர் மனிதாபிமானத் திட்டம்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம் வரும். கொள்கை வகுத்தது. 2017இல் அரிய நோய்களுக்கு ஒரு கொள்கை, 100 கோடி நிதியோடு. 2018இல் அதை நிறுத்தி வைத்தது. 2021இல் புதிய கொள்கை. எட்டு சிறப்பு மையங்கள் அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் பெயர் பிறகுதான் சேர்ந்தது. உதவித்தொகை 20 லட்சம் என்றார்கள், 2022இல் 50 லட்சம் ஆக்கினார்கள். கூடவே ஓர் இணையதளம். பொதுமக்கள் நன்கொடை போடுவதற்கு. வரி வாங்கும் அரசாங்கம் தட்டையும் ஏந்திக்கொண்டு நிற்கும் காட்சியை எந்தக் கார்ட்டூனிஸ்டும் கற்பனை செய்திருக்க மாட்டார். கொள்கை ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

50 லட்சம் பெரிய தொகைதானே? கணக்குப் போடுவோம். இதே நோய்க்கு ரோஷ் கம்பெனியின் 'ரிஸ்டிப்லாம்' என்ற வாய்வழி மருந்து உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தினம் 5 மில்லிகிராம். பாட்டிலில் 60 மில்லிகிராம். பன்னிரண்டு நாளில் பாட்டில் காலி. கலக்கிய மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் உங்கள் பாடு. ஒரு பாட்டிலின் அட்டை விலை சுமார் 6 லட்சம். 50 லட்சத்தில் எட்டு பாட்டில். எட்டு பாட்டிலில் 96 நாள். கம்பெனியின் சலுகைத் திட்டம் கிடைத்தவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு அரசாங்கம் எழுதிக்கொடுத்த ஆயுள் இவ்வளவுதான். 97ஆம் நாள் என்ன செய்வது என்று கொள்கையில் தேடினேன். பின்னட்டை வந்துவிட்டது.

கேரளத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு அந்த 50 லட்சம் தீர்ந்துபோனது. இன்னும் 18 லட்சத்துக்கு மருந்து கொடுங்கள் என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை ஓடி 2025 பிப்ரவரியில் தடை வாங்கியது. விமான நிலையம், விழா மேடை, வெளிநாட்டு வரவேற்பு என்று எதற்கும் இந்த ஓட்டம் ஓடிப் பார்த்ததில்லை. 18 லட்சத்துக்கு ஓடினார்கள். கஜானாவைக் காத்த வீரம்!

வெளிநாட்டிலிருந்து மருந்தைத் தருவிக்கிறவர்களின் கதை தனி. படிவம் 12-ஏயில் விண்ணப்பம், 12-பியில் அனுமதி. கொள்கையில் இடம்பெற்ற அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து சுங்கவரி இல்லை. ஆனால் சுகாதார இயக்குநரோ மாவட்ட மருத்துவ அதிகாரியோ சான்று தர வேண்டும். மருந்துக்கு வயது வரம்பு உண்டு. கோப்புக்கு வயது வரம்பு கிடையாது. "ஐயா மீட்டிங்ல இருக்காரு, நாளைக்கு வாங்கம்மா." இரண்டு வயதுக்குள் போட வேண்டிய ஊசிக்கு நாளைக்கு என்பது எவ்வளவு விலை உயர்ந்த சொல் என்று அந்த எழுத்தருக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர் மீட்டிங்கில் இருக்கிறார். ரிஸ்டிப்லாமுக்கும் சோல்ஜென்ஸ்மாவுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து பூஜ்யம் ஆனது 2025 செப்டம்பரில்தான். அதுவரை கடையில் பில் போட்டு வாங்கியவர்கள் வரியோடுதான் வாங்கினார்கள். குழந்தை மூச்சு விடுவதற்கு மட்டும் தனியாக வரி போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பிறகு 2025 அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதே ரிஸ்டிப்லாமைத் தயாரிக்க வந்தது. காப்புரிமையைக் காட்டி ரோஷ் தடை கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ பாட்டில் விலை 15,900 ரூபாய்.

மறுபடி படியுங்கள். 6 லட்சம் எங்கே, 15,900 எங்கே. அதே மருந்து, அதே 60 மில்லிகிராம். நடுவில் இருந்த ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம் என்ன? கண்டுபிடித்தவனுக்கு லாபம் வேண்டும், மறுக்கவில்லை. இது லாபமா, பிணைத்தொகையா?

அரசாங்கத்துக்கு வேறு வழி இல்லாமல் போனதா? வழி சட்டத்திலேயே இருந்தது. விலை எட்டாக்கனியானால் கட்டாய உரிமம் கொடுத்து உள்ளூரில் செய்யச் சொல்லலாம். இந்திய வரலாற்றில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது ஒரே ஒருமுறை, 2012இல். பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து, மாதம் 2.8 லட்சம். உரிமம் பெற்ற கம்பெனி 8,800 ரூபாய்க்குக் கொடுத்தது. எந்தக் கம்பெனி? இதே நாட்கோ. அப்போது வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆயுதம் உறையிலிருந்து வெளியே வரவில்லை. ஆயுத பூஜைக்குக்கூட எடுத்துத் துடைத்ததாகத் தகவல் இல்லை.

ஏன் இப்படி? யாருக்கும் குழந்தை மேல் கோபம் இல்லை. இன்னும் சொன்னால், குழந்தை என்றால் எல்லாத் தலைவருக்கும் உயிர். தூக்கிக் கொஞ்சாமல் எந்தப் பிரச்சாரம் முடிந்திருக்கிறது? பெயர் வைப்பார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள், புகைப்படக்காரர் தலையசைத்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருவது ஏன், குழந்தை மருந்துக்கு அம்மா பஸ் ஏறி வருவது ஏன் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும். ரத்தக்கொதிப்புக்காரர் வாக்காளர். இந்தக் குழந்தை ஓட்டுப் போட இன்னும் 18 வருடம் உயிரோடு இருந்து காட்ட வேண்டும். இருக்காது என்று கொள்கை வகுப்பவர்கள் முன்கூட்டியே கணித்துவிட்டது போலத் தெரிகிறது.

கேட்பது ஒன்றும் நிலாவில் மனை அல்ல. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஓர் அறை. குழந்தைக்கான அளவில் மருந்தைச் சுத்தமாகக் கலந்து, பாட்டிலில் அடைத்து, தேதி ஒட்டிக் கொடுக்க இரண்டு ஃபார்ம் டி பிள்ளைகள். இன்வெர்ட்டரோடு ஒரு ஃபிரிட்ஜ். ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்று கேட்க ஒரு போன் நம்பர். மொத்தச் செலவும் ஒரு மாநாட்டுப் பந்தலின் தோரண வாயிலுக்குப் பக்கத்தில்கூட வராது. நாட்கோ விலையில் 20 கிலோ பிள்ளைக்கு ரிஸ்டிப்லாம் வருடத்துக்குச் சுமார் 4.8 லட்சம். 96 நாளில் தீர்ந்த அதே 50 லட்சம் இப்போது பத்து வருடம் ஓடும். இந்த விலை இறங்க எந்த அமைச்சரும் விரலை அசைக்கவில்லை. ஒரு போட்டிக் கம்பெனியும் இரண்டு நீதிமன்றங்களும் செய்த வேலை.

விலை கூடுதல் என்ற சாக்கு அதோடு செத்துவிட்டது. துறையில் கொஞ்ச நாள் துக்கம் இருக்கும். அடுத்த சாக்கைத் தயாரிக்கக் குழு அமைத்திருப்பார்கள். அதில் எந்த வயதுக்கும் எந்த எடைக்கும் ஏற்ற அளவு கிடைக்கும். உடைக்க வேண்டியதில்லை.